பொதுமொழி போனபின் பாடியவர்கள்: புனேக் கத்தோலிக்கக் கோவில்களின் இசை வரலாறு

ஆஷாட ஏகாதசியை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பல்லக்குகள் புனே நகரத்துக்குள் வருகின்றன. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரரின் பல்லக்கு பவானி பேட்டையிலுள்ள பால்கி விட்டோபா கோவிலில் தங்கும். தேகுவிலிருந்து வரும் துக்காராமின் பல்லக்கு நானா பேட்டையின் நிவடுங்க்யா விட்டோபா கோவிலில் இறங்கும். துக்காராமின் மகன் நாராயண் மகராஜ் 1685இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. பண்டரிபுரம் செல்லும் வார்க்கரிகளின் அபங்கமும் மிருதங்கமும் கைத்தாளமும் அந்நாள்களில் அத்தெருக்களை நிறைத்துவிடும்.

அதே நானா பேட்டையில்தான் புனேயின் மிகப் பழைய கத்தோலிக்கக் கோவிலும் இருக்கிறது. அமல உற்பவ மாதாவின் பெயரால் அமைந்த அக்கோவிலை நகரத்தார் 'சிட்டி சர்ச்' என்பர். பேஷ்வா சவாய் மாதவராவ் 1792இல் அளித்த நிலத்தில் எழுந்தது. பேஷ்வா படையில் அதிகாரியாக இருந்த தொம் மிகுவேல் தெ நொரோன்யா, படையிலிருந்த கத்தோலிக்கருக்கு வழிபாட்டிடம் வேண்டுமென்று கேட்டுப் பெற்ற நிலம் அது. வைதிக அந்தணர் ஆண்ட தலைநகரில் அரசரே நிலம் கொடுத்து எழுப்பப்பட்ட கிறித்தவக் கோவில் என்பதால் இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆனால் அக்கோவிலுக்குள் என்ன பாடப்பட்டது, யார் பாடினார்கள் என்ற கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. தெருவில் மராத்தியும் மிருதங்கமும், உள்ளே இலத்தீன். ஏறத்தாழ 170 ஆண்டுகள் இவ்விரு ஓசைகளும் ஒரே பேட்டையில் ஒன்றையொன்று தொடாமல் வாழ்ந்தன. இதன் காரணத்தைத் தேடினால் புனேயிலிருந்து கோவாவுக்குப் போகவேண்டியிருக்கிறது.

கோவாவில் பங்குதோறும் பள்ளி நிறுவும் முயற்சி 1545ஐ ஒட்டித் தொடங்கியது. மறைக்கல்வி, எழுத்து, வாசிப்பு ஆகியவற்றோடு இசையும் அப்பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வளர்ந்தது. கற்பித்தவரை 'மேஸ்திரி' என்றனர். (நம் கட்டட மேஸ்திரியும் அதே போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தவர்தான்.) பையன்கள் முதலில் வயலினைத் தொட முடியாது. கர்நாடக இசையில் சரளி வரிசை போல, தொ-ரெ-மி என்று சுரப் பெயர்களைச் சொல்லிப் பாடும் பயிற்சியே முதல் படி. ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பைத் தடுமாறாமல் பார்த்துப் பாடத் தெரிந்த பிறகே வில் கைக்கு வரும். ஞாயிற்றுப் பாட்டுப்பூசை, திருவிழா, அடக்கம், வீடுகளில் மாதாவின் பிரார்த்தனை என்று பங்கின் எல்லா இசைக் கடமைகளும் மேஸ்திரியின் பொறுப்பு. தவக்காலத்தில் 'மொத்தேத்' எனப்படும் பல்குரல் பாடல்கள் வயலின், கிளாரினெட், பெரிய அடிச்சுர வயலின் ஆகியவற்றோடு பாடப்பட்டன. கோவாவைச் சேர்ந்த குருக்களும் மேஸ்திரிகளும் இயற்றியவை அவற்றுள் பல. பாடியவர்கள் ஆண்கள், பாடிய மொழி இலத்தீன்.

இப்பள்ளிகள் உருவாக்கிய திறன் கோவில் வாசலோடு நிற்கவில்லை. சுரக்குறிப்பு வாசிக்கத் தெரிந்த கோவாக்காரர் ஆங்கிலேயப் படைகளின் பாண்டு வாத்தியங்களுக்கும், சமஸ்தானங்களுக்கும், ஊமைப்படக் கொட்டகைகளுக்கும், பின்னர் பம்பாய்த் திரையிசைக்கும் போனார்கள். மஜோர்டா ஊர்க் கோவிலின் பாடகர் குழுத் தலைவருக்கு மகனாகப் பிறந்த அந்தோணி கொன்சால்வெஸ் பம்பாயில் வயலின் ஆசிரியராகப் புகழ்பெற்றார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் இசையமைப்பாளர் பியாரேலால். 1977இல் வெளிவந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தின் நாயகன் ஒரு பாட்டில் தன் பெயரை 'அந்தோணி கொன்சால்வெஸ்' என்று அறிவிப்பது அந்த ஆசிரியருக்குச் செலுத்தப்பட்ட மரியாதை. இந்தியத் திரையிசையில் வாத்தியக் குழு வளர்ந்த கதையை எழுதுகிறவர் ஒரு பங்குக் கோவிலின் பாடகர் மாடத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

எனினும் இலத்தீனுக்கு முன்பு வேறொரு வழியும் திறந்திருந்தது. 1579இல் கோவா வந்த ஆங்கிலேய இயேசு சபையார் தோமஸ் ஸ்டீபன்ஸ் மராத்தியில் ஒரு பெருங்காப்பியம் செய்தார். 'கிறிஸ்த புராணம்' எனப்படும் அந்நூல் 1616இல் ராச்சோலில் அச்சேறியது. ஏறத்தாழ 11,000 பாடல்கள் கொண்ட அதன் யாப்பு ஓவி, அதாவது ஞானேஸ்வரர் கீதைக்கு உரை பாடிய அதே யாப்பு. கத்தோலிக்கர் கூடிய இடங்களில் அது பாடி வாசிக்கப்பட்டது. ஆளந்திப் பல்லக்கோடு நடப்பவரின் யாப்பிலேயே கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பாட ஒரு நூல் பேஷ்வா நிலம் கொடுப்பதற்கு 176 ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. ஆனால் 1684இல் கோவாவின் ஆளுநர் ஆல்வோர் பிரபு ஓர் ஆணை பிறப்பித்தார்: மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் தம் மொழியைக் கைவிட்டுப் போர்த்துக்கீசியத்துக்கு மாறவேண்டும். அந்த ஆணை முழுதும் நிறைவேறவில்லை; எந்த ஆணையாலும் ஒரு மக்களின் மொழியை மூன்றாண்டில் துடைத்துவிட முடியாது. கிறிஸ்த புராணம் கையெழுத்துப் படிகளில் பிழைத்தும் கிடந்தது. ஆயினும் கோவிலின் முறையான வழிபாட்டிசை நாட்டு மொழியிலிருந்து விலகிப்போயிற்று.

இதே காலத்தில் கோவாவுக்கு வெளியே நடந்தது வேறு. 1676இல் கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் இலங்கைக்கு மறைபணியாற்றச் சென்றார். அங்கே தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நீட்டி இசைத்து வாசிக்கப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' அவருடையது. தம் தாய்மொழிக்குத் தடை ஆணை பிறந்த ஊரிலிருந்து வந்த ஒருவர் தமிழரின் துக்க வாசிப்புக்கு நூல் தந்தார். அதே கோவாவிலிருந்து வடக்கே புனேக்குச் சென்றவர்களிடம் அப்படியொரு மராத்தி முயற்சி தோன்றவில்லை. அவர்கள் குடியேறிய படைவீரர்கள். ஊராருக்கு மறை சொல்ல வந்தவர்கள் அல்லர். தம் ஊர்க் கோவிலை மற்றோர் ஊரில் அப்படியே நட்டுக்கொள்வதே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

1817 நவம்பர் 5ஆம் நாள் கட்கிப் போர் நடந்தது. அடுத்த ஆண்டே பேஷ்வா ஆட்சி முடிந்தது. புனே ஆங்கிலேயரின் பெரிய படைநகரமாயிற்று. ஆங்கிலேயப் படைகளில் ஐரிஷ் கத்தோலிக்கர் மிகுதி. அவர்களுக்கென்றே புனித பேட்ரிக் கோவில் 1850இல் எழுந்தது. 1886இல் புனே மறைமாவட்டம் அமைந்தபோது அதுவே ஆயரின் பேராலயமாயிற்று. ஆயரும் குருக்கள் பலரும் ஜெர்மானிய இயேசு சபையார். சென்னை மாகாணப் படைகளோடும், படைக்குப் பின்னால் வரும் வண்டிக்காரர், சமையல்காரர், வேலையாள்களோடும் தமிழ்க் கத்தோலிக்கரும் வந்தனர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், பின்னாளில் தேகு ரோட்டின் படைக்கலக் கிடங்கும் மேலும் பலரை ஈர்த்தன. மராத்தி பேசும் கத்தோலிக்கர் அகமதுநகர்ப் பகுதியின் சிற்றூர் மறைப்பணித் தளங்களில் பெருகிப் பின்னர் நகரத்துக்கு வந்தார்கள்.

கொங்கணி, ஆங்கிலம், தமிழ், மராத்தி, நடத்துபவர்களுக்கோ ஜெர்மன். இத்தனை நாவுகளும் ஒரே பீடத்தின் முன் எப்படிக் கூடின? இலத்தீனால்தான். அது அவர்களில் எவருக்கும் தாய்மொழி அன்று என்பதே அதன் வலிமை. கோவா மேஸ்திரியின் மகன் பாடும் சொற்களையே ஐரிஷ் சிப்பாயும் தன் ஊரில் கேட்டிருந்தான். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர் அதே ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட செப நூலில் பார்த்திருந்தார். பொருள் புரிந்தவர் மிகச் சிலர். ஆனால் எந்த இடத்தில் மணி அடிக்கும், எப்போது முழந்தாளிட வேண்டும், எந்த மெட்டுக்கு 'ஆமென்' சொல்லவேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். இதைப் பொற்காலம் என்று எழுத மனம் இடந்தராது. பாட்டுப்பூசையில் மக்கள் செய்தது பெரும்பாலும் கேட்டது மட்டுமே. பாடுவோர் பின்புற மாடத்தில், பூசை செய்பவர் எதிர்ப்புறப் பீடத்தில், மக்கள் நடுவில் செபமாலை உருட்டிக்கொண்டு.

1903 நவம்பர் 22 அன்று, இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், பத்தாம் பத்திநாதர் வழிபாட்டிசை பற்றிய கட்டளைமடலை வெளியிட்டார். கிரகோரியன் இசையே முதன்மையான முன்மாதிரி, பாடுவோர் வழிபாட்டுப் பணியாற்றுவோர் ஆதலால் பெண்களுக்கு அதில் இடமில்லை, மேல்குரல் வேண்டுமானால் சிறுவர்கள் பாடட்டும், பியானோ கூடாது, முரசு, கைத்தாளம் முதலிய ஆரவார வாத்தியங்களும் கூடா. பாண்டு வாத்தியத்தை வெளி ஊர்வலத்தில் மட்டும், அதுவும் ஆயர் இசைந்தால், அனுமதிக்கலாம். அம்மடல் குறிவைத்தது ஐரோப்பாவை, அதிலும் இத்தாலியக் கோவில்களுக்குள் நுழைந்துவிட்ட நாடகமேடை இசையை. மிருதங்கத்தையோ தபலாவையோ எழுதியவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சட்டம் பயணம் செய்யும்போது அதன் காரணம் உடன்வருவதில்லை. நானா பேட்டைத் தெருவில் வார்க்கரிகள் ஏந்திச் சென்றவை ஒரு தோல்வாத்தியமும் ஒரு சோடி கைத்தாளமும். அவ்விரண்டு இனங்களும் உரோமையிலிருந்து வந்த ஒரே பத்தியில் விலக்கப்பட்டுவிட்டன.

சீர்திருத்தச் சபையார்க்கு இத்தடை இல்லை. 1895இல் திருமுழுக்குப் பெற்ற மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலகர் 1919இல் மறையும்வரை துக்காராமின் வழியில் கிறித்தவப் பாடல்கள் எழுதிக் குவித்தார்; மராத்திக் கிறித்தவர் அவற்றைத் தம்முடையவையாக்கிக்கொண்டனர். ஆங்கிலிக்கக் குருவான ஜாக் வின்ஸ்லோ 1922இல் தொடங்கிய கிறிஸ்த சேவா சங்கம் சில ஆண்டுகளில் புனே நகருக்கு வந்தது. தரையில் அமர்ந்து இந்திய இசையில் வழிபடுவது அங்கே இயல்பாயிற்று. புனேக் கத்தோலிக்கர் இவற்றை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. அறிந்தும் பின்பற்ற முடியாத இடத்தில் நின்றார்கள்.

1955ஆம் ஆண்டு இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளில் விடுத்த சுற்றுமடல் வயலின் போன்ற வில் வாத்தியங்களைப் பாராட்டிப் பேசியது. சிறுவர் பாடகர் கிடைக்காத இடங்களில் பீடப் பகுதிக்கு வெளியே பெண்கள் பாடலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. மறைபரப்பு நாடுகளின் இசையையும் மதிக்கச் சொன்னது. அதே ஆண்டில்தான் 1893இல் இலங்கையின் கண்டியில் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய பாப்பிறைக் குருமடம் புனே நகருக்கு இடம்பெயர்ந்தது. அதனருகே நகர் சாலையில் அமைந்த இயேசு சபைக் கல்லூரிக்கு 'தெ நொபிலி கல்லூரி' என்று பெயர். 1606இல் மதுரை வந்து, காவியுடுத்து, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டவரின் நினைவு அங்கே மராத்திய மண்ணில் நிலைபெற்றது. இந்தியாவின் எல்லா மொழிகளிலிருந்தும் வந்த குருமாணவர்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்த காரணத்தால், இந்திய இசையில் வழிபாடு என்ற எண்ணம் புனேயில் ஏட்டுக் கல்வியாக நின்றுவிடாமல் நாள்தோறும் எழும் நடைமுறைக் கேள்வியாயிற்று.

பிறகு மாற்றம் வேகமாக வந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு அமைப்பு வெளியானது. இதில் பலரும் தவறாக நினைவுகூரும் செய்தி ஒன்று உண்டு: சங்கம் இலத்தீனை நீக்கவில்லை. அதைக் காக்கவேண்டும் என்றே சொன்னது. கிரகோரியன் இசைக்கு முதலிடமும் பாடகர் குழுக்களுக்கு ஊக்கமும் கேட்டது. அத்துடன் மக்கள் மொழிக்கும், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கும், பிற வாத்தியங்களுக்கும் இடம் தந்தது. கதவைத் திறந்தது சங்கம். பழைய பொருள்களை வெளியே தூக்கிப்போட்டவர்கள் பங்கினர். அடுத்த ஆண்டு இறுதியில் பம்பாயில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. ஆறாம் பவுல் நேரில் வந்தார். 1967 மார்ச் 5 அன்று வந்த உரோமை அறிவுரை, பாடகர் குழுவும் கூடியிருக்கும் மக்களின் ஒரு பகுதியே என்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது அமையவேண்டும் என்றது. பின்மாடத்தின் ஆட்சி அத்துடன் முடிந்தது. பாடகர்கள் படியிறங்கிப் பீடத்தின் பக்கவாட்டுக்கு வந்தனர்.

அவர்களோடு வந்தது ஆர்மோனியம். அதன் வரலாறும் விந்தையானது. ஐரோப்பாவிலிருந்து வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தியிடும் வடிவம் பெற்று, பஜனை மடங்களில் குடியேறிய கருவி அது. 'இந்தியச் சுரங்களுக்கு ஒவ்வாது' என்று அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடைவிதித்தது; 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி இந்தியத்தன்மை போதாது என்று விலக்கிவைத்திருந்த அதே ஆண்டுகளில், கத்தோலிக்கக் கோவில்கள் அதை இந்தியத்தன்மையின் அடையாளமாக ஏற்றுக்கொண்டன. தபலாவும் சிறு தாளமும் பின்தொடர்ந்தன. ஆங்கிலத் திருப்பலிக்குக் கிதார் வந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பங்கொன்றில் இம்மாற்றம் எத்தகையது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே தேர்ப்பவனியிலும் நவநாளிலும் தமிழில் பாடிக்கொண்டிருந்த மக்கள் இனித் திருப்பலியிலும் தமிழில் பாடினர். வெளியில் இருந்த பாட்டு உள்ளே வந்தது. ஊர் ஒன்றாகவே இருந்தது. கோவாவிலும் ஏறத்தாழ அப்படியே. வாஸ்கோ தொ ரேகோ, லூர்தினோ பரேத்தோ போன்ற குருக்களின் உழைப்பால் 'காயனாஞ்சோ ஜெலோ' என்ற கொங்கணிப் பாடல் தொகுதி உருவாகி, மேஸ்திரிகளின் பல்குரல் மரபு நாட்டு மொழிக்கு இடம்மாறிப் பிழைத்தது.

புனேயில் அப்படி நடக்க வழியில்லை. 'மக்கள் மொழியில் பாடுங்கள்' என்று உரோமை சொன்னவுடன், எந்த மக்களின் மொழி என்ற கேள்வி எழுந்தது. மண்ணின் மொழி மராத்தி. படித்த நகரத்தாரின் மொழி ஆங்கிலம். கோவாக்காரரின் வீட்டுமொழி கொங்கணி. அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தனர். தமிழரும் மலையாளிகளும் தம் மொழி கேட்டனர். விடையைக் கடிகாரம் தந்தது. ஒரு மொழிக்கு ஒரு நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பாடகர் குழு. ஒரே திருப்பலியில் புரியாமல் ஒன்றாக நின்றவர்கள், புரிந்துகொண்டு தனித்தனி வேளைகளில் நிற்கத் தொடங்கினர். நண்பகலில் வரும் சிறு கூட்டத்துக்கும் காலை எட்டு மணியின் பெருங்கூட்டத்துக்கும் இடையே உள்ள மதிப்பு வேறுபாடு யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருவிழா நாளின் முதன்மைத் திருப்பலி எந்த மொழியில், அன்று எந்தக் குழு பாடும் என்பவை பங்குப் பேரவைகளில் எளிதில் தீராத பொருள்களாயின.

இழப்பும் ஆதாயமும் ஒரே கணக்கேட்டில் எழுத முடியாதவை. சுரக்குறிப்பைப் பார்த்துப் பாடும் பயிற்சி அருகிவிட்டது. கேட்டுப் பாடும் குழுக்கள் பெருகின. அடிச்சுர வயலினின் இடத்தை மின்விசைப்பலகையின் இடக்கைப் பக்கம் எடுத்துக்கொண்டது. மறுபுறம், 1903இல் வெளியேற்றப்பட்ட பெண்கள் இன்று பெரும்பாலான குழுக்களின் முதன்மைக் குரல்கள். பல குழுக்களை நடத்துவோரும் அவர்களே. மேஸ்திரி மரபின் மறைவுக்கு வருந்தும் கட்டுரைகள் இந்த ஒரு செய்தியை ஓரமாக ஒதுக்கிவைப்பது நேர்மையன்று. அம்மரபின் உயர்ந்த கலை பாதிப் பங்கை வாய்மூட வைத்து எழுந்தது.

தமிழ்க் குழுக்களின் நிலை தனியாகப் பார்க்கத் தக்கது. தேகு ரோட்டிலும் கட்கியிலும் மூன்றாம் நான்காம் தலைமுறைத் தமிழர் பலர்க்குத் தமிழ் பேச்சுமொழி மட்டுமே; படித்தது ஆங்கிலத்திலோ மராத்தியிலோ. தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதிவைத்துப் பாடும் இளையோரும் உண்டு. அவர்களின் பாட்டன்மார் இலத்தீனைத் தமிழ் எழுத்தில் வாசித்துப் பாடியவர்கள். எழுத்து மட்டும் மாறிவிட்டது, வேலை அதேதான். பொருள் முழுதும் தெரியாத ஒன்றை ஒலியால் காப்பாற்றும் அவ்வேலையைத் தமிழ்நாட்டிலிருந்து வருவோர் சிலர் கேலியாகப் பார்ப்பதுண்டு. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழில் பாடுவதே அப்பிள்ளைகள் எழுத்துத்தமிழோடு கொண்டிருக்கும் ஒரே தொடர்பாகவும் இருக்கலாம் என்பதைக் கேலி செய்வோர் எண்ணுவதில்லை.

1972இல் புனேயில் இன்னொரு சோதனையும் தொடங்கியது. வின்ஸ்லோவின் பழைய ஆசிரமம் கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமமாக மீண்டும் உயிர்பெற்றது. ஆங்கிலிக்க, கத்தோலிக்கத் துறவியர் சேர்ந்து நடத்திய அவ்விடத்தில் கத்தோலிக்கத் துறவியரான வந்தனா மாதாஜியும், வேதாந்தம் பயின்ற சாரா கிராண்டும் முதன்மையானவர்கள். சமஸ்கிருதச் சுலோகமும் மராத்தி பஜனையும் அங்கே வழிபாட்டில் ஒலித்தன. இழந்த இலத்தீனின் இடத்தில் சமஸ்கிருதத்தை வைக்க எண்ணியவர்கள் அக்காலத்தில் இந்தியாவெங்கும் இருந்தனர். யாருடைய வீட்டுமொழியும் அல்லாத ஒன்று எல்லோருக்கும் பொதுவாகும் என்பது அவர்கள் கணக்கு. பங்குக் கோவில்களில் அக்கணக்கு பலிக்கவில்லை. அகமதுநகர்ச் சிற்றூர்களிலிருந்து வந்த தலித் கிறித்தவர்க்குச் சமஸ்கிருதம் நடுநிலை மொழியாகத் தோன்றக் காரணம் எதுவுமில்லை. இலத்தீன் அவர்களைப் புரியாமல் நிற்க வைத்தது. ஆனால் தீட்டு என்று விலக்கிவைத்ததில்லை.

ஆண்டுக்குச் சில நாள்களில் எல்லா மொழிக் குழுக்களும் ஒரே திருப்பலியில் கூடுகின்றன. அப்போது வருகைப் பாடல் ஒரு மொழியில், காணிக்கைப் பாடல் இன்னொன்றில், திருவிருந்துப் பாடல் வேறொன்றில் என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். தன் மொழிப் பாடல் வந்ததும் ஒரு பகுதி நிமிர்ந்து பாடும், மற்றவை செவிமடுக்கும். கடைசியில் நற்கருணை ஆசீரின்போது, குழுக்களுள் மூத்த ஒருவர் எடுத்துக்கொடுக்கும் பழைய இலத்தீன் மெட்டுக்கு மட்டும் கோவாக்காரப் பாட்டியும் தேகு ரோட்டுத் தமிழரும் மராத்திக் குழுவின் முதியவரும் தாளைப் பார்க்காமல் சேர்ந்துகொள்கிறார்கள். இளையவர்கள் தாளைப் புரட்டுகிறார்கள். அதில் அப்பாட்டு இல்லை.